தள்ளாடும் கமரா நிறுவனத்தில் இன்னும் காசு போடலாமா? மலையகத்தில் படம் எடுப்பவர்களுக்கு

ஒலிம்பஸ் அல்லது பென்டக்ஸ் கமரா வைத்திருப்பவர் அடுத்த லென்ஸை வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். எந்தச் சாமான் முதலில் கிடைக்காமல் போகும்? அது இல்லாவிட்டால் வேலை நிற்குமா? இன்று வாங்கும் லென்ஸ் நாளை வேறு கமராவில் ஏறுமா? கம்பெனி மூடப்படுமா என்று ஆராய்வதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். மூடினாலும் கையிலுள்ள கமரா மறுநாளும் படம் எடுக்கும்.

கம்பெனி கைமாறும் செய்தியைவிடக் கம்பெனியின் மௌனம்தான் கெட்ட அறிகுறி. 2020 ஜூனில் ஒலிம்பஸ் தன் கமராப் பிரிவைக் கைமாற்றப் போவதாக அறிவித்ததும் எல்லாம் முடிந்தது என்ற பேச்சு எழுந்தது. 2021 ஜனவரியில் அது ஓஎம் டிஜிட்டல் சொலூஷன்ஸ் ஆனது. 2022இல் ஓஎம்-1 வந்தது, 2024இல் அதன் மார்க் 2. நிக்கொன் 1 வரிசையிலோ 2015இன் ஜே5க்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. 2018இல் கதை முடிந்தது. எனவே மூன்று வருடமாகப் புதிய கமராவும் இல்லை, லென்ஸும் இல்லை, ஃபேர்ம்வெயரும் (கமராவுக்குள் ஓடும் மென்பொருளின் புதுப்பிப்பு) இல்லை என்றால் புதுக்காசு போடுவதை நிறுத்திவிடுங்கள். பென்டக்ஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2023இல் கே-3 மார்க் 3இன் கறுப்பு வெள்ளைப் பதிப்பு, 2024இல் பென்டக்ஸ் 17 என்ற ஃபிலிம் கமரா. உயிர் இருக்கிறது, ஆனால் கலியாண வீடியோ எடுப்பவருக்கு உதவும் பக்கத்தில் இல்லை.

அடுத்தது மௌண்ட், அதாவது கமராவில் லென்ஸ் பூட்டும் இடம். லென்ஸ் பூட்டும் வளையத்திலிருந்து சென்சர் வரையுள்ள தூரம் பழைய மௌண்ட்டில் கூடுதலாக, புதியதில் குறைவாக இருந்தால்தான் இடையில் அடாப்டர் (வேறு மௌண்ட் லென்ஸைப் பூட்ட உதவும் இணைப்பு வளையம்) வைக்க இடம் கிடைக்கும். பென்டக்ஸ் கே 45.46 மி.மீ., சோனி இ 18, நிக்கொன் இசட் 16. ஆகவே பென்டக்ஸ் லென்ஸ் இவற்றில் ஏறும். ஆனால் சாதாரண அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யாது. அபர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துவாரம்) கையால் மாற்றும் வளையம் உள்ள பழைய ஏ, எஃப், எஃப்ஏ லென்ஸ்களை அப்படியே பாவிக்கலாம்; வளையம் இல்லாத டிஏ லென்ஸ்களுக்கு அபர்ச்சர் நெம்பைத் தள்ளும் வளையத்தோடு வரும் அடாப்டர் வேண்டும். 55-300 பிஎல்எம் போன்ற மின் அபர்ச்சர் லென்ஸ்கள் அதிலும் திறந்தபடியே நிற்கும். பென்டக்ஸில் இனிக் காசு போடுவதானால் வளையம் உள்ள லென்ஸில் போடுங்கள். கொனிக்கா மினோல்ட்டா 2006இல் கமராத் தொழிலை விட்டது. அதன் 1985 காலத்து லென்ஸ்கள் இன்றும் அடாப்டரோடு சோனியில் ஓடுகின்றன.

ஒலிம்பஸ் பாவிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் மௌண்ட்டின் தூரம் 19.25 மி.மீ. சோனி இ மௌண்ட்டோடு வித்தியாசம் ஒன்றேகால் மி.மீ.தான்; அடாப்டருக்கு இடமில்லை. இடம் இருந்திருந்தாலும், அந்த லென்ஸ் விழுத்தும் படவட்டம் 17.3 × 13 மி.மீ. சென்சருக்கு மட்டுமே போதும். வெளியே போக வழியில்லை என்றாலும் வீட்டுக்குள் இன்னொருவர் இருக்கிறார்: 2008 முதல் பனசொனிக்கும் இதே மௌண்ட்டைப் பாவிக்கிறது. 2023இல் ஜி9 மார்க் 2, 2024இல் ஜிஎச்7 என்று கமராவும் வெளியிட்டது. ஒலிம்பஸ் லென்ஸ் அதில் ஏறும், ஃபோகஸ் பிடிக்கும். கமராவும் லென்ஸும் சேர்ந்து அசைவைத் தாங்கும் வசதி மட்டும் போய்விடும். மோசமான நிலை கனொன் எம் வரிசைக்கு. அதன் தூரம் 18, கனொனின் புதிய ஆர்எஃப் 20. அடாப்டருக்கே வழியில்லை. அதில் இனி ஒரு சதமும் போடாதீர்கள்.

கலியாணம் எடுத்துப் பிழைப்பவர் கணக்கு ஒன்று, ஹோர்ட்டன் சமவெளியில் பறவை எடுப்பவர் கணக்கு இன்னொன்று. தொழில்காரர் வாங்கும் சாமானின் மறுவிற்பனை விலையைப் பூச்சியம் என்று வையுங்கள். 120,000 ரூபா லென்ஸ் வரும் இரண்டு முகூர்த்தப் பருவத்தில் 30 வேலைக்குப் போகுமானால் வேலைக்கு 4,000 ரூபா. வாடகைக்கு எடுத்தால் அதைவிடக் குறைவு என்றால் வாங்க வேண்டாம். பொழுதுபோக்குக்காரருக்கு நிலைமை நேரெதிர்: மற்றவர்கள் பயந்து விற்கும்போது நல்ல லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். சிவனொளிபாதமலைப் படி ஏறுபவருக்கு 600 கிராம் கமராவின் அருமை தெரியும்.

முதலில் தட்டுப்பாடாவது பற்றரிதான். ஓஎம்-1க்கு பிஎல்எக்ஸ்-1, இ-எம்1 மார்க் 2, 3க்கு பிஎல்எச்-1, ஓஎம்-5க்கு பிஎல்எஸ்-50, பென்டக்ஸ் கே-3க்கு டி-எல்ஐ90. கம்பெனி பற்றரி இரண்டு, உதிரி சார்ஜர் ஒன்று போதும். ஐந்து ஆறு வாங்கிக் குவிப்பது வீண். லித்தியம் பற்றரி பாவிக்காமல் கிடந்தாலும் கிழடாகும். பாதி சார்ஜில் வையுங்கள். ஜனவரி விடியற்காலை நுவரெலியாக் குளிரில் எந்தப் பற்றரியும் சீக்கிரம் இறங்கும், உதிரியைச் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

பாவித்த கமரா வாங்கும்போது அந்தந்த மாடலின் நோயைத் தெரிந்துகொண்டு போங்கள். பென்டக்ஸ் கே-30, கே-50 இரண்டிலும் அபர்ச்சரை இயக்கும் சிறு மின்காந்தம் பழுதாகிப் படம் கறுப்பாக வரும். கொஞ்சம் ஓடியபின் சரியாவதுபோல் நடிக்கும். ஆகவே நீங்கள் போவதற்கு முந்தின நாளிலிருந்து கமராவை ஓன் பண்ண வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவையுங்கள். போனதும் வியூஃபைண்டர் வழியே எஃப்8இல் பத்துப் படம் எடுங்கள். முதல் ஒன்றிரண்டு இருண்டால் திரும்பிவிடுங்கள்.

நம் மலைகளில் கம்பெனி சாவதற்கு முன்பே லென்ஸைக் கொல்வது பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த லென்ஸுக்குக் கேட்ட விலை கிடைக்காது. டோர்ச்சைப் பின்கண்ணாடி வழியே அடித்து நூல் போன்ற கோடு தெரிகிறதா பாருங்கள். பென்டக்ஸ் லென்ஸ் கழற்றிய நிலையில் மூடியிருக்கும்; பின்னாலுள்ள நெம்பைத் தள்ளித் திறக்காமல் பார்த்தால் ஓரத்துப் பூஞ்சணம் தப்பிவிடும். வீட்டில் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி, கால் கிலோ சிலிக்கா ஜெல், ஈரமானி. 40 முதல் 50 வீதம் காட்ட வேண்டும். 30க்குக் கீழே போக விடாதீர்கள். நீல ஜெல் இளஞ்சிவப்பானால் சூடாக்கி மீட்கலாம், ஆனால் அதில் கோபோல்ட் இருப்பதால் சமையல் சட்டியில் போடக் கூடாது. மூடுபனியிலிருந்து வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள்.

விற்று விலகுவது என்று முடிவானால், மார்கழியில் விளம்பரம் போடுங்கள். தை முகூர்த்தத்துக்குச் சாமான் தேடுபவர்கள் அப்போதுதான் இருப்பார்கள். ஹற்றன், மஸ்கெலியாப் பக்கம் ஆடி என்றால் மழையும் உண்டு, கலியாணமும் இல்லை. கொழும்புக்குத் திருத்தக் கொடுக்க அதுதான் மாதம். கமராவை முதலில் விற்றுவிடுங்கள், அதன் விலைதான் வேகமாக விழும். அந்த மௌண்ட்டில் மட்டுமே ஓடும் லென்ஸை அடுத்ததாக. வேறு கமராவில் ஏறக்கூடிய லென்ஸைக் கடைசிவரை வைத்திருக்கலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதம் 360ஐத் தொட்டது; ஆகவே விற்ற காசை வங்கியில் போட்டுக் காத்திருக்காமல், மாற்றுக் கமராவைப் பேசி முடித்த அதே வாரத்தில் பழையதைக் கையளியுங்கள். பெட்டி, பில், உறை, சார்ஜர் வயர் எல்லாம் ஒன்றாகப் போகட்டும்.