அனுதின தியானம் பாதியில் நின்றுபோவது ஏன்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தாண்டு ஆராதனை முடிந்த கையோடு வேத வாசிப்பு அட்டவணையை எடுப்பவர்கள் பலர். நாளுக்கு மூன்று அதிகாரம் என்று கணக்கு. ஆதியாகமம் 50 அதிகாரம், யாத்திராகமம் 40. இரண்டும் சரியாக 30 நாளில் முடியும். ஜனவரி 31 அன்று லேவியராகமம் தொடங்கும். அதற்கு முன்பே, 25ஆம் நாள் வாக்கில் யாத்திராகமம் 25ஆம் அதிகாரம் வந்து, ஆசரிப்புக் கூடாரத்தின் (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் தேவனை ஆராதித்த கூடாரம்) முழக்கணக்கும் பலகைகளும் திரைகளும் வரிசைகட்டி நிற்கும். பிப்ரவரியில் அட்டவணை அப்படியே மடிந்துவிடும். "எனக்குப் பக்தி போதவில்லை" என்று அவர்கள் தங்களையே குற்றப்படுத்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் குறை திட்டத்தில்தான் இருக்கிறது. உற்சாகமான நாளின் பெலத்தை அளவாக வைத்து, சோர்ந்த நாளின்மேலும் அதையே சுமத்திவிட்டார்கள்.

அளவைப் பெரிதாக வைப்பது

வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள் உள்ளன: பழைய ஏற்பாட்டில் 929, புதிய ஏற்பாட்டில் 260. ஒரே வருடத்தில் முடிக்க வேண்டுமென்றால் ஒரு நாள்கூட தவறாமல் நாளுக்கு மூன்றேகால் அதிகாரம் வாசிக்க வேண்டும். காய்ச்சல், பயணம், பிள்ளையின் தேர்வு எதற்கும் அதில் இடமில்லை. அதையே இரண்டு வருடமாகப் பிரித்து, மாதத்துக்கு 25 நாள் மட்டும் கணக்கில் வையுங்கள். மொத்தம் 600 நாள். நாளுக்கு இரண்டு அதிகாரம் போதும். மாதந்தோறும் மிஞ்சும் ஐந்தாறு நாட்கள் தவறும் நாளைத் தாங்கிக்கொள்ளும். அட்டவணையில் தேதி போடாமல் 1, 2, 3 என்று நாள் எண் மட்டும் போடுவது நல்லது. தேதி போட்ட தாள், விட்டுப்போன ஒவ்வொரு நாளையும் கண்ணுக்கு முன் நிறுத்திக்கொண்டே இருக்கும்.

புதிதாகத் தொடங்குபவர் ஆதியாகமத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மாற்கு 16 அதிகாரம். நாளுக்கு ஒன்றாக வாசித்துவிட்டு, பிலிப்பியர் நிருபத்தின் நான்கு அதிகாரங்களுக்குப் போகலாம். லேவியராகமத்தைத் தாண்டிக் குதிக்கவும் வேண்டாம். 16ஆம் அதிகாரத்தின் பாவநிவிர்த்தி நாளை வாசிக்கும்போது எபிரெயர் 9ஆம் அதிகாரத்தையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். வருஷத்துக்கு ஒரு முறை மட்டும் பிரதான ஆசாரியன் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள்ளே போனதன் பொருள் அங்கே திறக்கும்.

இதோடு, மிக மோசமான நாளுக்கென்று ஒரு சிற்றளவை முன்கூட்டியே முடிவுசெய்துவையுங்கள். சங்கீதம் 119 இதற்கு மிகவும் பொருத்தம்: 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள். ஒரு பகுதியும் கர்த்தருடைய ஜெபமும் ஐந்து நிமிடத்தில் முடியும். அந்த நாளில் அதைச் செய்தவர் தியானம் செய்தவரே. அதைப் பாதி என்று எண்ணக் கூடாது.

விட்டதைச் சேர்த்துப் பிடிப்பது

மூன்று அதிகாரத் திட்டத்தில் நான்கு நாள் தவறினால் பாக்கி பன்னிரண்டு, அன்றைய பங்கோடு பதினைந்து. இதை ஒரே மூச்சில் வாசிக்க உட்காருபவர் கண்ணால் வரிகளைக் கடப்பார். மனதில் ஒன்றும் நிற்காது. மறுநாள் வேதத்தைத் தொடவே மனம் வராது. விட்டது விட்டதாக இருக்கட்டும். இன்றைய பகுதியிலிருந்து தொடருங்கள். இடையில் கதை புரியவில்லை என்றால் மட்டும் பின்னால் போய் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு அடியில் இன்னும் ஆழமான தவறு ஒன்று உண்டு. தியானத்தைத் தேவனுக்குக் கட்ட வேண்டிய தவணையாக நினைப்பது. தவணை தவறியவன் கடன் கொடுத்தவரின் முகத்தில் விழிக்கக் கூசுவான். அதேபோல விசுவாசியும் ஒளிந்துகொள்கிறான். ஒரு பாவத்தில் விழுந்தபின் இது இன்னும் கூடும். "முதலில் என்னைச் சரிசெய்துகொள்கிறேன், பிறகு ஜெபிக்கிறேன்" என்று நாட்கள் வாரங்களாகும். தாவீது பத்சேபாளிடத்தில் செய்த பாவத்துக்குப்பின் பாடிய 51ஆம் சங்கீதம் இதற்கு நேர் எதிரான வழியைக் காட்டுகிறது. சுத்தமான பிறகு அவன் வரவில்லை. சுத்திகரிக்கும்படி கேட்கத்தான் வந்தான். நீண்ட இடைவெளிக்குப்பின் திரும்பும் நாளில் வழக்கமான அதிகாரத்தை ஒதுக்கிவிட்டு, அந்தச் சங்கீதத்தின் 19 வசனங்களை மெதுவாக, வாய்விட்டு வாசியுங்கள். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்னும் 1 யோவான் 1:9ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அது போதும். கர்த்தருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்ற புலம்பலின் வார்த்தை, எரிந்துபோன எருசலேமுக்காக அழுகிற புத்தகத்தின் நடுவிலே எழுதப்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

நேரத்தை மனம்போல விடுவது

"நேரம் கிடைக்கும்போது" என்றால் கிடைக்காது. ராஜாவைத் தவிர யாரிடத்திலும் விண்ணப்பம் செய்யக் கூடாது, மீறினால் சிங்கக் கெபி என்ற சட்டம் வந்த நாளில் தானியேல் செய்த ஜெபம் புதிதல்ல. "தான் முன் செய்துவந்தபடியே" என்று வேதம் சொல்கிறது. மேல் அறை, எருசலேமை நோக்கித் திறந்த பலகணி, தினம் மூன்று வேளை, முழங்கால். இடமும் வேளையும் ஏற்கெனவே நிலைத்திருந்ததால், ஆபத்து வந்தபோது அவர் எங்கே போவது, என்ன செய்வது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

அதிகாலைதான் ஒரே பரிசுத்த வேளை என்று நினைப்பதும் தவறு. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போனார் (மாற்கு 1:35). அந்த முன்மாதிரி அருமையானது. ஆனால் சங்கீதக்காரன் "அந்தி சந்தி மத்தியான வேளைகளிலும்" என்கிறான். 63ஆம் சங்கீதத்தில் இராச்சாமங்களில் தியானிக்கிறான். இரவுப் பணி செய்பவரும் கைக்குழந்தை வைத்திருக்கும் தாயும் தங்கள் நாளில் உண்மையாகவே அமைதியான இருபது நிமிடத்தைத் தேடிப் பிடிக்கட்டும். அதிகாலையில்தான் என்று விரும்புபவர்கள், ஆறரைக்கு எழும் பழக்கத்திலிருந்து ஒரே நாளில் நான்கு மணிக்குத் தாவ வேண்டாம். வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள், படுக்கும் நேரத்தையும் அதே அளவு முன்னே இழுங்கள். இரண்டாவதைச் செய்யாதவர்கள்தான் முழங்காலிலேயே தூங்கிப்போகிறவர்கள்.

போன் விஷயத்தில் ஒரே வார்த்தை: வேறு அறையில் இருக்கட்டும். வேதத்தைப் போனில்தான் வாசிக்கிறீர்கள் என்றால், திறப்பதற்கு முன்பே விமானப் பயன்முறையில் போடுங்கள்.

வசனத்தைப் பிய்த்து எடுப்பது

வாக்குத்தத்த அட்டையில் ஒரு வசனம், அதோடு நாள் தொடங்கிவிடும். அட்டை தவறல்ல; அது மட்டுமே ஆகாரமாவதுதான் தவறு. தேவனுடைய நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்னும் எரேமியா 29:11 எத்தனை சுவர்களில் தொங்குகிறது! அதற்கு முந்தின வசனம், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்தபின்பே அது நடக்கும் என்கிறது. அதே அதிகாரத்தின் 5ஆம் வசனமோ, அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறது. கிறிஸ்துவினால் எல்லாவற்றையும் செய்யப் பெலனுண்டு என்னும் பிலிப்பியர் 4:13க்கு முன்னால் பவுல் பேசுவது பட்டினியையும் குறைவையும் பற்றி. சூழ்நிலையோடு வாசித்தவரின் விசுவாசம், காரியம் உடனே நடக்காதபோது இடிந்துபோவதில்லை. ஒற்றை வசனத்தை மட்டும் பிடித்துக்கொண்டவர், தேவன் சொல்லாததை எதிர்பார்த்துக் காயப்படுகிறார்.

வாசிப்புக்கு ஒரு எளிய முறை: பகுதியை இரண்டு முறை வாசியுங்கள், இரண்டாம் முறை சத்தமாக. யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இது தேவனைக் குறித்து என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். பிறகு நோட்டில் ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரியையே அன்றைய ஜெபமாக மாற்றுங்கள். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கியவர்கள் அநேகமாக நோட்டோடு தியானத்தையும் சேர்த்து நிறுத்திவிடுகிறார்கள்.

ஜெபத்தில் வரும் சிக்கல்

எல்லாப் பெயர்களையும் எல்லா நாளும் சொல்ல முயன்றால் ஜெபம் வாசிப்புப் பட்டியலாகிவிடும். வீட்டாரைத் தினமும் நினையுங்கள். சபை, உறவினர், நோயாளிகள், ஊழியர்கள், தேசம் என்று மற்றவற்றை வாரத்தின் நாட்களுக்குப் பிரியுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் தேதியை எழுதுங்கள். பதில் வந்த நாளையும் எழுதுங்கள். ஸ்தோத்திரம் செய்ய மறந்துபோவது இதனால் குறையும்.

விண்ணப்பத்திலேயே நேரடியாகக் குதிப்பதும் ஜெபத்தைச் சோர்வாக்கும். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் அன்றன்றுள்ள அப்பம் நான்காவது வேண்டுதல். அதற்கு முன் அவருடைய நாமம், அவருடைய ராஜ்யம், அவருடைய சித்தம். அந்த வரிசையைப் பின்பற்றினாலே பாரம் இறங்கும். சிந்தை சிதறினால் அடக்கப் போராடாதீர்கள். நினைவுக்கு வந்த வேலையை ஒரு தாளில் குறித்துவிட்டு, உதடு அசைய ஜெபியுங்கள். பிள்ளைக்காக அழுது வேண்டிய அன்னாள் அப்படித்தான் உதடு அசைய ஜெபித்தாள்.

உணர்வு வராததை முறிவாக எண்ணுவது

வாசித்தாலும் ஜெபித்தாலும் மாதக்கணக்கில் எதுவும் மனதைத் தொடாமல் இருக்கும் காலங்கள் வரும். சங்கீதம் 13, "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்குகிறது. 88ஆம் சங்கீதம் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. ஆறுதல் வரி ஒன்றும் இல்லை. அதுவும் சங்கீதம் என்ற ஜெபப் புத்தகத்தில்தான் இருக்கிறது. உங்கள் சொந்த வார்த்தைகள் வற்றிப்போகும்போது இவற்றை உங்கள் வார்த்தைகளாக எடுத்துக்கொள்ளுங்கள். சரீரத்தையும் கவனியுங்கள்: சூரைச்செடியின்கீழ் சாவை விரும்பிய எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது தூக்கம், அடை, தண்ணீர், மறுபடியும் தூக்கம், மறுபடியும் ஆகாரம். ஓரேப் மலையில் தேவனிடமிருந்து கேட்ட மெல்லிய சத்தம் அதற்குப் பிறகுதான். தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் போதகரிடம் சொல்வதோடு மருத்துவரையும் பாருங்கள்.

பிரசங்கிக்கிறவர்களுக்கும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு தனி ஆபத்து உண்டு. பிறருக்குச் சொல்ல வாசிப்பதையே தங்கள் தியானமாகக் கணக்கிடுவது. கண் வசனத்தில் இருக்கும். மனம் மூன்று குறிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும். வரும் வாரச் செய்திக்குச் சம்பந்தமில்லாத ஒரு புத்தகத்தை உங்களுக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் கிடைத்ததைக் கொஞ்ச நாளாவது மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தனியாகப் போராடுவதும் தேவையில்லை. நம்பிக்கையான ஒருவரோடு வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பேசுங்கள். "ஒழுங்காக ஜெபித்தாயா?" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லித் தப்பிக்கத்தான் தோன்றும். "இந்த வாரம் எங்கே வாசிக்கிறாய், எது புரியவில்லை?" என்று கேட்கச் சொல்லுங்கள்.