மியூசியம் ஆர்க்கைவ்ல இருந்து ஒரு மென்ஸ்வேர் பிராண்ட் ஆரம்பிக்கணும்னா

இந்த ஐடியா வர்றவங்கள்ல நிறைய பேரு முதல்ல பண்றது ஒரு பழைய ஓவியத்தை டவுன்லோட் பண்ணி டீ-ஷர்ட்ல பிரிண்ட் அடிக்கிறதுதான், அதை யார் வேணா அடிக்கலாம் அதனால அதுல பிராண்ட் நிக்காது. பழைய உடுப்புல இருந்து எடுக்க வேண்டியது அதோட வெட்டும் தையலும்.

ஒரு காலம், ஒரு உடுப்பு, அவ்வளவு போதும் ஆரம்பிக்க. உதாரணத்துக்கு 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய ஆம்பளைங்க லினன் சட்டையை எடுத்துக்கோங்க, கிட்டத்தட்ட முழுசுமே சதுரமும் செவ்வகமுமா வெட்டியிருப்பாங்க, துணி வேஸ்ட்டே ஆகாது. அக்குள்ல சின்னதா ஒரு சதுரத் துண்டு வச்சு தச்சிருப்பாங்க பாருங்க, கையைத் தூக்கினா தையல் இழுக்காது, கிழியாது. அதே காலத்து வெயிஸ்ட்கோட்ல முன்பக்கம் பட்டு, எம்பிராய்டரி எல்லாம் இருக்கும், பின்னாடி பெரும்பாலும் சாதா துணிதான், மேல கோட் வந்து மறைச்சிடும்ல! எனக்கு இந்த மாதிரி விஷயம்தான் ரொம்பப் பிடிக்கும், இதுல இருந்தே ஒரு கலெக்‌ஷன் போடலாம்.

தேடுறதுக்கு நியூயார்க்ல இருக்கிற மெட் மியூசியம் 2017லயும் அமெரிக்காவோட ஸ்மித்சோனியன் மியூசியங்கள் 2020லயும் லட்சக்கணக்கான படங்களை சிசி ஜீரோல (CC0, அதாவது காப்பிரைட் உரிமை எதுவும் வச்சுக்காம) விட்டிருக்காங்க, வியாபாரத்துக்கும் யூஸ் பண்ணலாம். ஆனா அவங்க சைட்ல இருக்கிற எல்லாமே அப்படி இல்ல, ஒவ்வொரு படத்துக்கும் கீழ என்ன போட்டிருக்குன்னு பாத்துடுங்க. லண்டன் வி அண்ட் ஏ (விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம்) படத்தை வியாபாரத்துக்கு எடுக்கணும்னா லைசன்ஸ் வாங்கணும். மியூசியம் பேரை லேபிள்ல அனுமதி இல்லாம போடவே போடாதீங்க.

முடிஞ்சா நேர்லயே போய் பாருங்க. லண்டன்ல வி அண்ட் ஏ ஈஸ்ட் ஸ்டோர்ஹவுஸ்னு அவங்க சேமிப்புக் கிடங்கை 2025ல திறந்தாங்க, முன்கூட்டியே புக் பண்ணா நீங்க கேட்ட பொருளை எடுத்து வச்சு காட்டுவாங்க. பென்சில் கொண்டு போங்க, பழைய துணி பக்கத்துல பேனாவை பொதுவா விடமாட்டாங்க. வெளிப்பக்கம் போட்டோலயே தெரியும், நீங்க கேட்டுப் பாக்க வேண்டியது உள்பக்கம்: லைனிங், தையல் மடிப்பு, எங்க பிரிச்சு திரும்ப தச்சிருக்காங்கன்னு.

அளவை மட்டும் அப்படியே காப்பி அடிக்காதீங்க. அந்தக் காலத்து கோட் தோளைப் பின்னாடி இழுத்துப் பிடிக்கிற மாதிரி, முதுகு குறுகலா வெட்டினது, நாள் முழுக்க லேப்டாப் முன்னாடி குனிஞ்சு உக்கார்ற ஆளுக்கு அது இறுக்கும். அதனால முதல்ல காடா துணியில ஒண்ணு தச்சு, ஒல்லி, நடுத்தரம், குண்டுன்னு வேற வேற உடம்புல போட்டுப் பாத்து முதுகு அகலத்தையும் கைக்குழியையும் சரி பண்ணுங்க, அந்த சதுரத் துண்டை மட்டும் விட்டுடாதீங்க.

ஒரு மாடல், ரெண்டு கலர்ல கொஞ்சமா தச்சு வித்துப் பாருங்க, போட்டவங்க எந்த இடம் இடிக்குதுன்னு சொல்றாங்களோ அதைத் திருத்தின அப்புறம்தான் அடுத்த உடுப்பு.