கம்பம் பள்ளத்தாக்கில் முதல் ட்ரோன்: புதிதாகப் பறக்கவிடுபவர்களுக்கு ஒரு செய்முறை

தேனி மாவட்டத்தில் கம்பம், கூடலூர் பக்கம் இப்போதெல்லாம் கல்யாண மண்டபத்து வாசலில் ட்ரோன் சத்தம் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். வயலுக்கு மருந்தடிக்கவும் பெரிய ட்ரோன்கள் வந்துவிட்டன. அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் ஆசைக்குச் சின்னதாக ஒன்று வாங்கி, மறுநாளே ராமக்கல்மேட்டுக்கோ சுருளிக்கோ கிளம்பிவிடுகிறார்கள்.

ட்ரோன் ஓட்டுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, சீக்கிரம் கை பழகிவிடும். நம் பக்கம் சிக்கலே நிலம்தான். மேற்கே காடு, காட்டுக்குள் புலிகள் காப்பகம், அதற்குள் அணை, மலை உச்சியில் மாநில எல்லை, அங்கிருந்து இறங்கும் காற்று. அதனால் கீழே சொல்வதில் முக்கால்வாசி, மோட்டார் சுழலும் முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்.

படி 1: எடை போடுங்கள்

பேட்டரி, இறக்கை, மெமரி கார்டு எல்லாவற்றையும் மாட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள். இந்தியாவில் 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகள் எடையை வைத்துத்தான் ஆரம்பிக்கின்றன. 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. மருந்தடிக்கும் ட்ரோன்கள் இதற்கெல்லாம் மேலே. அவை நம் பேச்சில் இல்லை.

நானோவுக்கு விமானி சான்றிதழும் வேண்டாம், காப்பீடும் கட்டாயமில்லை. மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்டினாலும் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் யுஐஎன் என்கிற பதிவு எண்ணும், மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். ‘சும்மா ஒரு கல்யாணம் எடுத்துக் கொடுத்தேன், ஐயாயிரம் வாங்கினேன்’ என்றால் அது பொழுதுபோக்குக் கணக்கில் வராது. மைக்ரோ ட்ரோனுக்கு அப்போது சான்றிதழ் கேட்பார்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. 2022 பிப்ரவரியில் வெளிநாட்டு ட்ரோன்களின் இறக்குமதியை மத்திய அரசு தடை செய்துவிட்டது. உதிரி பாகங்கள் வரலாம், முழு ட்ரோன் வரக்கூடாது. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவருகிறார் என்றால், விமான நிலையத்திலேயே கஸ்டம்ஸ்காரர்கள் எடுத்து வைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். பில் இல்லாமல் பாதி விலைக்குக் கிடைப்பதையும் தொடாதீர்கள். நாளைக்கு ஏதாவது நடந்தால் உங்கள் கையில் ஒரு தாளும் இருக்காது.

படி 2: வரைபடத்தைத் திறந்து பாருங்கள்

டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தில் நாடு முழுக்க வான்வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சையில் தரையிலிருந்து 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை, தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் அது 200 அடியாகக் குறையும். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையின் அனுமதி, சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி. விதியை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.

கம்பத்துக்காரர்கள் ‘மதுரை ஏர்போர்ட் எங்கேயோ இருக்கு’ என்று இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். குமுளி தாண்டி வண்டிப்பெரியார் பக்கம் சத்திரம் என்ற இடத்தில் என்.சி.சி. பயிற்சி விமானங்களுக்காக ஒரு ஓடுபாதை போட்டிருக்கிறார்கள், தெரியுமா? வரைபடம் பார்க்காமல் நம்மூர் வானம் காலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

பச்சை நிறமும் நிரந்தரம் இல்லை. எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை ஒரு தடவைக்கு 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலமாக அறிவிக்கலாம். முதலமைச்சர் வருகை, வீரபாண்டித் திருவிழா மாதிரிச் சமயங்களில் கிளம்பும் அன்று காலையிலும் ஒருமுறை பாருங்கள். எல்லையைத் தாண்டினால் ட்ரோன் விதி மாறாது, அது மத்திய அரசு விதி. போலீஸும் வனத்துறையும் மாறும். ராமக்கல்மேட்டில் நின்று ட்ரோனை விட்டால் கிளம்பும் இடம் கேரளா, ட்ரோன் சுற்றுவது தமிழ்நாடு. இரண்டு பக்கத்துக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

படி 3: பச்சையாக இருந்தாலும் போகக்கூடாத இடங்கள்

வரைபடம் வான்வெளியைப் பற்றி மட்டும்தான் பேசும். காட்டுக்குத் தனிச் சட்டம், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். தேக்கடிப் பக்கம் பெரியார் காப்பகம், மேகமலைப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காப்பகம், இரண்டிலும் வனத்துறை எழுத்தில் அனுமதி தராமல் ட்ரோனைப் பையிலிருந்தே எடுக்காதீர்கள். மங்கலதேவி கண்ணகி கோயிலும் காப்பகத்துக்குள்தான். சித்ரா பௌர்ணமி அன்று பக்தர்களை உள்ளே விடுகிறார்கள் என்பதற்காக ட்ரோனுக்கும் வழி திறந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

2023 மே 27 ஞாபகம் இருக்கும். அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் ஊருக்குள் வந்த நாள். 144 போட்டு, எல்லோரையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லியிருந்தார்கள். புளியந்தோப்புப் பக்கம் ஒதுங்கி நின்ற யானையை ஒருவர் ட்ரோன் விட்டுப் படம் பிடிக்கப்போக, அது மிரண்டு ஓடியது. ட்ரோன் விட்டவரைப் போலீஸ் பிடித்தது. ஊருக்குள் யானை ஓடியதில் பைக்கிலிருந்து விழுந்து அடிபட்ட ஒருவர் பிறகு இறந்தும் போனார்.

யானை ஏன் மிரள்கிறது என்று கேட்டால், தேனீக் கூட்டத்தின் இரைச்சல் யானைக்கு ஆகாது. ட்ரோன் சத்தமும் கிட்டத்தட்ட அதே மாதிரி. டான்சானியாவில் வயலில் இறங்கும் யானைகளை விரட்டவே ட்ரோனைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்கே பயிற்சி பெற்றவர்கள், எந்தத் திசையில் விரட்டுவது என்று தெரிந்து செய்தார்கள். இங்கே நாம் விரட்டினால் அது காட்டுக்குப் போகுமா, பஸ் ஸ்டாண்டுக்குப் போகுமா என்று யாருக்குத் தெரியும்?

முல்லைப் பெரியாறு அணை, லோயர் கேம்ப் மின்நிலையம் பக்கம் கேமராவைத் திருப்பவே வேண்டாம். இரண்டு மாநிலங்களுக்கு நடுவே வழக்கு நடந்த அணை அது. அங்கே பறக்கும் ட்ரோனை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுருளி அருவியில் குளிக்கும் இடத்துக்கு மேலும் கூடாது. பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் அப்படிப் படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77ஆம் பிரிவில் வழக்கு வரும். அப்புறம் ‘அருவியைத்தான் எடுத்தேன்’ என்ற பேச்செல்லாம் எடுபடாது.

சரி, எங்கேதான் விடுவது? அறுவடை முடிந்த வயல், அல்லது தெரிந்தவரின் தோட்டத்துக் களம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ‘என்ன தம்பி, எங்க தோட்டத்தைப் படம் புடிக்கிறியா, சர்வே கிர்வேயா?’ என்று கேட்பார்கள். திரையைக் காட்டி விளக்கினால் அவர்களே நிழலில் கட்டில் போட்டுக் கொடுப்பார்கள்.

படி 4: உயரக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. சமவெளியில் எடுத்த யூடியூப் பாடங்களில் இதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

திரையில் தெரியும் உயரம் ட்ரோனுக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளந்தது இல்லை. நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து அளந்தது. ராமக்கல்மேட்டு விளிம்பில் நின்று கிளப்பி, 30 மீட்டர் ஏற்றி, கிழக்கே கோம்பைப் பக்கம் தள்ளுங்கள். திரை 30 என்றே காட்டும். ஆனால் தரை திடுமென்று இறங்கிவிட்டது. ட்ரோனுக்கும் கீழே இருக்கும் தோட்டத்துக்கும் நடுவே ஏறத்தாழ அரை கிலோமீட்டர் காற்று. 120 மீட்டர் வரம்பு தரையிலிருந்து கணக்கு. ஆக, விளிம்பைத் தாண்டிய சற்று நேரத்திலேயே நீங்கள் விதியை மீறிவிட்டீர்கள், திரையில் ஓர் எச்சரிக்கைகூட வராமலே.

திருப்பிப் போட்டும் பாருங்கள். கூடலூர்ப் பக்கம் கீழே வயலில் நின்று 80 மீட்டரில் ட்ரோனைக் குமுளி மலையை நோக்கி விடுகிறீர்கள். திரையில் 80 அப்படியே நிற்கும். மலை மட்டும் ஏறிக்கொண்டே வரும். இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் சரிவு எங்கே, ட்ரோன் எங்கே என்று கண்ணுக்குப் பிடிபடாது. நேராகப் போய்ப் பாறையில் உட்காரும்.

இந்த இடத்தில் ‘ரிட்டர்ன் டு ஹோம்’ வசதியும் காலை வாரும். சிக்னல் போனால் ட்ரோன் நீங்கள் குறித்த உயரத்துக்கு ஏறி, கிளம்பிய இடத்துக்கு நேர்க்கோட்டில் வரும். நடுவே மேடு இருந்தால் அதற்குத் தெரியாது. சின்ன ட்ரோன்கள் பலவற்றில் முன்னால் பார்க்கும் சென்சாரே கிடையாது. தோட்டங்களுக்கு நடுவே தென்னை, செல்போன் டவர், உயர் அழுத்தக் கம்பி மூன்றையும் பார்த்து, அங்கே இருப்பதில் உயரமானதைவிட 20 மீட்டராவது கூட்டி வையுங்கள். மலையடிவாரத்தில் எந்த எண்ணை வைத்தாலும் நம்ப முடியாது. அங்கே ட்ரோனைக் கண் பார்வையை விட்டு விடாமல் ஓட்டுவது ஒன்றுதான் வழி.

படி 5: காற்று

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் நம் பள்ளத்தாக்குக்காரராகத்தான் இருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று மலை முகட்டைத் தாண்டி நம் பக்கம் விழுகிறது. முகட்டுக்குக் கிழக்கே அந்தக் காற்று கீழ்நோக்கி அமுக்கும், சுழலும். ராமக்கல்மேட்டில் காற்றாலை வைத்திருப்பது சும்மா இல்லை.

250 கிராம் ட்ரோன்கள் பெரும்பாலும் நொடிக்குப் பத்து மீட்டர் காற்று வரைதான் தாங்கும், மணிக்கு 36 கிலோமீட்டர். திராட்சைப் பந்தலுக்கு அடியில் நிற்கும்போது இலைகூட அசையாது. தென்னை உச்சிக்கு மேலே வேறு உலகம். ஓலை ஒரே பக்கமாகச் சாய்ந்து நின்றால் அன்றைக்கு வீட்டுக்குப் போய்விடுங்கள். விடிந்து எட்டு மணிக்குள் காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும், வெளிச்சமும் நன்றாக இருக்கும்.

முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். மாற்றிச் செய்தால், போகும்போது வேகமாகப் போய், திரும்பும்போது பேட்டரி காற்றோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பேட்டரி பாதிக்கு வந்ததும் திரும்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றாலைப் பக்கம் போகவே வேண்டாம். சுழலும் இறக்கைக்குப் பின்னால் காற்று நெடுந்தூரம் கலங்கிக்கொண்டே இருக்கும்.

படி 6: கிளப்பும் முன்

இறக்கைகளில் கீறல், விரிசல் இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள். இருந்தால் மாற்றிவிடுங்கள், ஒட்ட வைக்காதீர்கள். பேட்டரி உப்பியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். டிராக்டர், கான்கிரீட் தளம், இரும்புக் கதவு இவற்றிலிருந்து விலகி வைத்துத்தான் கிளப்ப வேண்டும், காம்பஸ் குழம்பும். ஜி.பி.எஸ். பிடித்து, வீட்டுப் புள்ளி, அதாவது கிளம்பும் இடம், பதிவாகிவிட்டது என்று செயலி சொல்லும் வரை பொறுங்கள். மரத்தில் மலைத்தேனீக் கூடு தொங்குகிறதா என்று அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள்.

படி 7: முதல் பறப்பு

ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏற்றி அப்படியே நிறுத்துங்கள். தானாக நகர்கிறதா, சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஒரு சதுரம்: முன்னே, வலது, பின்னே, இடது. அடுத்து ட்ரோனின் முகத்தை உங்கள் பக்கம் திருப்பி அதே சதுரத்தை ஓட்டுங்கள். இப்போது வலதும் இடதும் மாறிவிடும். எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். இது யோசிக்காமல் கைக்கு வரும் வரை களத்தைத் தாண்ட வேண்டாம். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வையுங்கள்.

படி 8: ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால், ட்ரோன் விழுந்தால்

ஆள் இருக்கும் விமானத்துக்கு ட்ரோன்தான் வழிவிட வேண்டும். சத்தம் கேட்டதும் இறக்கிவிடுங்கள். காட்டுத் தீ சமயத்தில் கிளப்பவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, மீட்புக்கு விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அந்த நேரத்தில் அங்கே ஒரு ட்ரோன் குறுக்கே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் அப்படித்தான் ஆனது. தீயை வேடிக்கை பார்க்க ஒருவர் விட்ட சின்ன ட்ரோன், இரண்டரை கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பார்வையிலிருந்து மறைந்து, தீயணைப்பு விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. விமானம் பத்திரமாக இறங்கியது, ஆனால் தீயணைப்பு வேலைக்கு அப்போதைக்குத் திரும்ப முடியவில்லை.

ட்ரோன் யார் மேலாவது விழுந்தால் முதலில் அடிபட்டவரைக் கவனியுங்கள். ரிமோட்டை அப்புறம் பார்க்கலாம். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் டிஜிட்டல் ஸ்கையில் தகவல் கொடுக்க வேண்டும் என்பது விதி. காட்டுக்குள் விழுந்துவிட்டால் தேடிக்கொண்டு நீங்களாக இறங்காதீர்கள்; வனச்சரக அலுவலகத்தில் போய் இடத்தைச் சொல்லுங்கள். மாசி, பங்குனியில் என்றால் உடனே, அன்றைக்கே சொல்லுங்கள். நசுங்கிய லித்தியம் பேட்டரி கொஞ்ச நேரம் கழித்துக்கூடப் பற்றிக்கொள்ளும், அந்த மாதங்களில் மலையில் கிடப்பதெல்லாம் காய்ந்த புல்.