மேற்படிப்புக்கு எல்.ஓ.ஆர் (பரிந்துரைக் கடிதம்): யாரிடம் கேட்பது?

போன வாரம் அல்சூரில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, எச்.ஓ.டி.கிட்ட ஒண்ணு, பிரின்சிபால்கிட்ட ஒண்ணு வாங்கிட்டா எல்.ஓ.ஆர். வெயிட்டா இருக்கும்ல?"

இருக்காது. இங்கே பெங்களூரில் இன்ஜினியரிங் முடித்தபோது நானும் இதே கணக்குதான் போட்டேன். துறைத் தலைவர் எனக்கு ஒரு வகுப்புகூட எடுத்ததில்லை. ஏற்கெனவே இருந்த கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி அலுவலகத்தில் அச்செடுத்துத் தந்தார்கள். மார்க் ஷீட்டில் இருந்ததைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. மார்க் ஷீட் சொல்லாததைத் தெரிந்துகொள்ளத்தானே கடிதமே கேட்கிறார்கள்?

முதலில் ஒரு தாள் எடுங்கள். உங்கள் வேலையைக் கிட்ட இருந்து பார்த்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, உங்களைப் பற்றி அவரால் சொல்ல முடிந்த ஒரு சம்பவத்தை எழுதுங்கள். மினி ப்ராஜெக்ட்டில் சென்சார் அளவு தாறுமாறாக வந்தது, மூன்று நாள் லேபிலேயே உட்கார்ந்து கிரவுண்ட் இணைப்பில்தான் கோளாறு என்று கண்டுபிடித்தீர்கள் என்றால், அதைப் பார்த்த உதவிப் பேராசிரியர் பட்டியலில் முதலில் வர வேண்டியவர். சம்பவமே தோன்றாத பெயரை, பதவி எவ்வளவு பெரியதானாலும், அடித்துவிடுங்கள்.

நம் பிள்ளைகள் செய்யும் இன்னொன்றும் உண்டு. கன்னடமும் ஆங்கிலமுமாக ஓடும் கல்லூரியில் ஒரு பேராசிரியர் "உனக்கு எந்த ஊருப்பா?" என்று தமிழில் கேட்டதும் மனசு ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பாசம் நல்லதுதான். ஆனால் உங்கள் வேலையைப் பார்த்திருக்கிறாரா என்ற கேள்வி அவருக்கும் பொருந்தும்.

அப்புறம் மூவரைத் தேர்ந்தெடுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று கடிதங்கள் கேட்கும். ஐரோப்பாவில் பல இடங்களில் இரண்டு போதும். பிஎச்.டி.க்கு என்றால் ஆராய்ச்சியில் உங்களைப் பார்த்தவர் கட்டாயம் வேண்டும். ஐ.ஐ.எஸ்.சி.யிலோ (இந்திய அறிவியல் கழகம்) ஜக்கூர் ஜவாஹர்லால் நேரு ஆராய்ச்சி மையத்திலோ கோடை விடுமுறையில் வேலை செய்திருந்தால் அந்த கைடைக் கேளுங்கள். அங்கே தினமும் உங்களோடு இருந்தவர் ஒரு பிஎச்.டி. மாணவராக இருக்கலாம். அவரிடம் விவரம் கேட்டுப் பேராசிரியரே எழுதிக் கையெழுத்திடுவதுதான் சிறந்தது.

செப்டம்பரிலேயே கேளுங்கள். பல இடங்களில் கடைசித் தேதி டிசம்பர் 1 அல்லது 15. அந்த நேரத்தில் ஆசிரியர்களுக்குத் தேர்வு வேலை கழுத்தை நெரிக்கும். முடிந்தவரை நேரில் போய், "சார், என் வேலையைப் பற்றி விரிவாக, வலுவாக எழுத உங்களால் முடியுமா?" என்று கேளுங்கள். அவர் தயங்கினால் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போங்கள். அரைமனதோடு எழுதும் கடிதம் உங்களுக்குக் கெடுதல்தான் செய்யும்.

"நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சிலர் சொல்வார்கள். இங்கே ரொம்ப சகஜம். ஒப்புக்கொள்ளாதீர்கள். அது நேர்மையில்லை, தெரியவந்தால் விண்ணப்பமே போய்விடலாம். ஒரே கை எழுதிய மூன்று கடிதங்களை, தினமும் கடிதம் படிப்பவர்கள் எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள். "சார், குறிப்புகள் எழுதித் தருகிறேன், நீங்கள் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்" என்று பணிவாகச் சொல்லுங்கள். அவருடன் செய்த வேலை, தேதிகள், ப்ராஜெக்ட் ரிப்போர்ட், மார்க் ஷீட், நோக்க உரை (ஏன் இந்தப் படிப்பு என்று நீங்கள் எழுதும் எஸ்.ஓ.பி.), பல்கலைக்கழகங்களும் கடைசித் தேதிகளும் அடங்கிய ஒரு பக்கப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் அனுப்புங்கள்.

விண்ணப்பத்தில் இரண்டு விஷயம். ஆசிரியரின் கல்லூரி மெயில் முகவரியைக் கொடுங்கள். சொந்த ஜிமெயில் முகவரியைப் பல இடங்களில் ஏற்பதில்லை. கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று அமெரிக்க விண்ணப்பங்களில் ஒரு கேள்வி வரும். அங்கே 1974இல் வந்த சட்டம் மாணவருக்குத் தந்த உரிமை அது. 'விட்டுக்கொடுக்கிறேன்' என்பதையே தேர்ந்தெடுங்கள். நீங்கள் பார்க்கப் போவதில்லை என்றால்தான் படிப்பவர்கள் கடிதத்தை நம்புவார்கள்.

கடைசித் தேதிக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், மூன்று நாள் முன்பு இன்னொன்று. கடிதத்தைப் பதிவேற்றப் பல்கலைக்கழகம் ஆசிரியருக்கு மெயிலில் அனுப்பும் லிங்க் ஸ்பாம் பெட்டியில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும், இடம் கிடைக்காவிட்டாலும், மூவருக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.