மாலா-டி அட்டையை விட்டு ஹார்மோனை முறையாக எடுப்பது எப்படி: மதுரைப் பக்கத்துத் திருநங்கை, திருநம்பியருக்கு

மெடிக்கலில் மாலா-டி என்ற கருத்தடை மாத்திரை அட்டை நாலு வாங்கி வந்து, காலையில் மூன்று, ராத்திரி மூன்று என்று முழுங்குவதுதான் இன்னமும் பல திருநங்கைகளுக்குத் தெரிந்த ஹார்மோன் சிகிச்சை. தத்தெடுத்த திருநங்கை அம்மா சொன்னது, நானி (பாட்டி முறை) சொன்னது. அவர்களுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டது. டாக்டரிடம் போய் அவமானப்படுவதைவிட இது மேல் என்று தோன்றிய காலம் ஒன்று இருந்தது. அதனால் யார் மேலும் குற்றம் இல்லை. ஆனால் இந்த மாத்திரை காலில் ரத்தத்தைக் கட்டியாக்கும். அந்தக் கட்டி நுரையீரலுக்கு ஏறினால் ஆளைக் கொல்லும்.

அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 28 மாத்திரை. வெள்ளை நிறத்தில் 21, பழுப்பு நிறத்தில் 7. பழுப்பில் ஹார்மோனே கிடையாது, வெறும் இரும்புச் சத்து. வெள்ளை ஒவ்வொன்றிலும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் 0.15 மி.கி., எத்தினைல் எஸ்ட்ராடயால் 0.03 மி.கி. கருத்தடைக்கு ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று செய்த மாத்திரை அது. ஆறு போட்டால் ஆறு மடங்கு. எத்தினைல் எஸ்ட்ராடயாலைக் கல்லீரலால் எளிதில் உடைக்க முடியாது. அதனால் அது ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை அதிகமாகச் சுரக்கத் தூண்டிவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரெலுக்கோ லேசான ஆண் ஹார்மோன் குணம் உண்டு. எதைக் குறைக்க நினைக்கிறோமோ அதன் சாயலையே காசு கொடுத்து வாங்குகிறோம்.

இன்னொரு சிக்கல் லேப் ரிப்போர்ட்டில் ஒளிந்திருக்கிறது. சாதாரண எஸ்ட்ராடயால் (உடம்பு சுரக்கும் பெண் ஹார்மோன்) பரிசோதனையில் எத்தினைல் எஸ்ட்ராடயால் தெரியாது. தினமும் ஆறு மாத்திரை போடுபவருக்கும் 'எஸ்ட்ராடயால் குறைவு' என்றே வரும். "ஏறவே இல்லையே" என்று இன்னும் இரண்டைக் கூட்டுவார்கள். ஆபத்தும் கூடவே ஏறும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்கினால் வலித்தால், மூச்சு திடீரென வாங்கினால், நெஞ்சு குத்தினால் அன்றைக்கே 108-ஐக் கூப்பிடுங்கள். தைலம் தேய்த்து நீவிவிடவே கூடாது, கட்டி பெயர்ந்துவிடும். சிகரெட் பிடிப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கூவாகத்துக்கோ சென்னைக்கோ இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து போகிறவர்கள் நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடங்கள். தண்ணீர் குடிப்பதை நிறுத்தாதீர்கள்.

இனி பெரியாஸ்பத்திரிக்குப் போகும் வழி. கோரிப்பாளையம் பக்கம் பனகல் சாலையில் உள்ள அரசு இராசாசி மருத்துவமனையில் திருநர்களுக்கென்று தனி கிளினிக் உண்டு. எந்தக் கிழமை, எந்த அறை என்பதை ஓ.பி. சீட்டு போடும் இடத்திலேயே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மேலூர், உசிலம்பட்டியிலிருந்து வருபவர்களுக்கு ஒரு நாள் கூலி வீணாகாமல் இருக்கும். ஆதார், திருநங்கையர் நல வாரிய அட்டை, காப்பீட்டு அட்டை மூன்றுக்கும் ஜெராக்ஸ் வையுங்கள். சீட்டில் என்ன பெயர், என்ன பாலினம் எழுத வேண்டும் என்பதை எழுதுவதற்கு முன்பே சொல்லுங்கள். எழுதிவிட்டால் அடுத்த எல்லா அறையிலும் அந்தப் பெயரைத்தான் சத்தமாகக் கூப்பிடுவார்கள். யாராவது கேவலமாக நடத்தினால் அங்கேயே சண்டையில் நேரத்தை விடாமல், தேதி, நேரம், அறை எண் எழுதி நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். 2019-ஆம் ஆண்டு சட்டம் மருத்துவத்தில் திருநர்களைப் பாகுபடுத்துவதைத் தடை செய்கிறது.

மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்வார்கள். உங்களுக்கு நோய் என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனமே மனநோய்ப் பட்டியலிலிருந்து இதை எடுத்துவிட்டது. "மாத்திக் காட்டுறேன்" என்று எந்த டாக்டராவது வீட்டாரிடம் சொன்னால் எழுந்து வந்துவிடலாம். அப்படிச் செய்வது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அறிவித்திருக்கிறது.

டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள். "ஆறு மாசமா மாலா-டி, ஒரு நாளைக்கு ஆறு. சிகரெட் ரெண்டு. அத்தைக்கு கால்ல ரத்தக்கட்டி வந்துச்சு" என்று இந்த மூன்றையும் சொன்னாலே அவருக்குப் பாதி வேலை முடியும். அறுவைக்குப் போகும்போது மயக்க மருந்து டாக்டரிடமும் இதே கணக்கைச் சொல்லுங்கள்.

முதல் ரத்தப் பரிசோதனைக்கு இரவு எட்டு மணி நேரம் வெறும் வயிறு, காலை பத்துக்குள் ரத்தம். ரத்த அணுக்கள், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல், கிரியேட்டினின், பொட்டாசியம், டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்), எஸ்ட்ராடயால், புரோலாக்டின் வேண்டும். மஞ்சள் காமாலை பி, சி, எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல். (சிபிலிஸ் பரிசோதனை) ஆகியவற்றையும் சேர்த்துவிடுங்கள். எச்.ஐ.வி.க்கு நம்பிக்கை மையத்தில் (அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையம்) இலவசம், உங்கள் சம்மதம் இல்லாமல் எடுக்கவும் வெளியே சொல்லவும் கூடாது. ஹெபடைடிஸ் பி இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று டோஸ்: முதல் நாள், ஒரு மாதம், ஆறாம் மாதம்.

மாலா-டிக்குப் பதில் டாக்டர் எழுதுவது எஸ்ட்ராடயால். வழக்கமாக ஒரு நாளைக்கு 2 மி.கி.யில் தொடங்கி, ரிப்போர்ட் பார்த்து 6 வரை போவார்கள். கூடவே ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன், அல்லது குறைந்த அளவில் சைப்ரோடெரோன். சைப்ரோடெரோன் 50 மி.கி. மாத்திரையாகக் கையில் வந்தால் முழுசாகப் போடாதீர்கள், 10 முதல் 12.5 போதும் என்பதே இப்போதைய நடைமுறை. அதிகமாக வருடக்கணக்கில் போட்டால் மூளை உறையில் கட்டி வரும் வாய்ப்பு கூடுகிறது. குறி வைக்கும் அளவு எஸ்ட்ராடயால் ஒரு மி.லி.க்கு 100 முதல் 200 பிகோகிராம், டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டருக்கு 50 நானோகிராமுக்குக் கீழே. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம், அப்புறம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ. மார்பு அரும்ப மூன்று முதல் ஆறு மாதம் ஆகும், முழுசாக வளர இரண்டு மூன்று வருடம். டோசைக் கூட்டினால் சீக்கிரம் வராது. குரலும் தாடியும் மாத்திரையால் போகாது. குழந்தை பெறும் ஆசை எப்போதாவது வரலாம் என்று தோன்றினால், தொடங்கும் முன்பே விந்து சேமிப்பு பற்றிக் கேளுங்கள்.

ஸ்பைரோனோலாக்டோன் போடுபவர்கள் இளநீரில் கவனம் வையுங்கள். அந்த மாத்திரை சிறுநீரைப் போக்கும், பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். மதுரை வெயிலுக்கு ஒரு நாளைக்கு மூன்று இளநீர் என்று இறக்கினால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறும். சாதா தண்ணீர், நீர்மோர் நல்லது. எழுந்ததும் தலை சுற்றினால் டாக்டரிடம் சொல்லி டோசைக் குறைக்கச் சொல்லுங்கள்.

நிர்வாணம் (ஆணுறுப்பையும் விதைகளையும் நீக்கும் அறுவை) ஆனவர்களுக்குத் தனியாக இரண்டு விஷயம். ஒன்று, விதைகள் போன பிறகு ஆண் ஹார்மோனை அடக்கும் மாத்திரை பெரும்பாலும் தேவையே இல்லை. கேட்டு நிறுத்துங்கள். ஆனால் எஸ்ட்ராடயாலை நிறுத்தக் கூடாது. உடம்பில் ஆண், பெண் ஹார்மோன் எதுவும் இல்லாமல் பத்து வருடம் ஓடினால் எலும்பு பொலபொலத்துவிடும். குனிந்து குடம் தூக்கினாலே முதுகெலும்பு நசுங்கலாம். "ஆபரேஷன்தான் முடிஞ்சிருச்சே" என்று மாத்திரையை விட்டவர்கள் எலும்பு அடர்த்திப் பரிசோதனை ஒன்று கேளுங்கள்.

இரண்டாவது சிறுநீர்த் துவாரம். முறையில்லாமல் செய்த அறுவையில் துவாரத்தின் ஓரத்தை உள்தோலோடு சேர்த்து விரித்துத் தைப்பதில்லை. ஆறும் தழும்பு சுருங்கி வாயை மூடிக்கொண்டே வரும். முதலில் தாரை மெலியும், அப்புறம் இரண்டாகப் பிரியும், பிறகு முக்கினால்தான் வரும். எரிச்சலும் காய்ச்சலும் மாறி மாறி வரும். வெளியில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்களுக்கு இது இன்னும் வேகமாக முற்றும். தாரை நூல் மாதிரி ஆன அன்றைக்கே சிறுநீரகவியல் ஓ.பி.க்குப் போங்கள். அறுவைக்குப் பின் நாற்பதாம் நாள் நடக்கும் பால் சடங்கு முடியட்டும் என்று இருக்க வேண்டாம். சிறுநீர் வேகம் பார்க்கும் பரிசோதனைக்குக் குறைந்தது 150 மி.லி.யாவது சிறுநீர்ப்பையில் நிறைந்திருக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போதே தண்ணீர் குடித்துவிட்டு அடக்கிக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் வந்தால் விரித்துவிடுவதோ சின்ன அறுவையோ போதும். அடிவயிறு கல்லாகி ஒரு சொட்டும் வரவில்லை என்றால் அது அவசர சிகிச்சை, நடுராத்திரி என்றாலும் போக வேண்டும்.

திருநம்பியருக்கு: டெஸ்டோஸ்டிரோன் ஊசி வாரக்கணக்கில் போடுவது என்றால் இரண்டு ஊசிக்கு நடுநாளில் ரத்தம் எடுங்கள். ஊசி போட்ட மறுநாள் எடுத்தால் பொய்யாக உயரமாக வரும். ரத்த அடர்த்தி (ரிப்போர்ட்டில் ஹீமாடோகிரிட் அல்லது பி.சி.வி.) 50 சதவீதத்தைத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள், 54 என்றால் அடுத்த ஊசியை அவரைக் கேட்காமல் போடவே வேண்டாம். லேபில் பெண் என்று பதிந்திருந்தால் ஹீமோகுளோபின் 16 வந்தாலே 'அதிகம்' என்று சிவப்பு போடுவார்கள். ஊசியில் இருப்பவருக்கு ஆண் அளவுதான் பொருந்தும், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்றாலும் கரு தங்கலாம், ஊசி கருத்தடை ஆகாது. மார்பைக் கட்ட கிரேப் பேண்டேஜ் வேண்டாம், மூச்சு விட விட இறுகும். பைண்டரானாலும் (மார்பை அமுக்கும் உள்ளாடை) எட்டு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள், தூங்கும்போது கழற்றிவிடுங்கள். வியர்வையில் படர்தாமரை வந்தால் மெடிக்கலில் தரும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவாதீர்கள். அரிப்பு நான்கு நாள் அடங்கும், பிறகு இரண்டு மடங்காகப் படரும்.

ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தேதி வரிசையில் வையுங்கள். முதல் தாளில் மருந்தின் பெயர், எத்தனை மி.கி., எப்போது தொடங்கியது, கடைசி ஊசி என்றைக்கு என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். மயங்கி விழுந்து 108-இல் ஏற்றிப் போகும்போது உங்களுக்காகப் பேச அந்தத் தாள் இருக்கும். ஃபைல் எங்கே இருக்கிறது என்பதைக் கூட இருக்கும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.