த்ரீ நாட் த்ரீயா, மோசினா, மவுசரா? பழைய ரைஃபிள் பவர பேப்பர்லயே கணக்கு போடறது எப்படி

போன ஞாயித்துக்கிழமை அக்கா பையன கோட்டை மியூசியத்துக்கு கூட்டிட்டு போனேன், பழைய துப்பாக்கிங்கள பாத்ததுல இருந்து "மாமா, எதுக்கு பவர் ஜாஸ்தி"ன்னு ஆரம்பிச்சவன் கோட்டை ஸ்டேஷன்ல ட்ரெயின் ஏறி உக்கார்ற வரைக்கும் விடல. வீட்டுக்கு வந்து அவனுக்கு போட்டு காட்டின கணக்குதான் இது. பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ் போதும், துப்பாக்கி தேவையில்ல, நம்மூர்ல த்ரீ நாட் த்ரீய (பிரிட்டிஷ்காரனோட லீ-என்ஃபீல்டு ரைஃபிள்) எல்லாம் சும்மா வீட்ல வெச்சுக்கவும் விடமாட்டாங்க.

ஸ்டெப் 1: குண்டோட எடை
முழு தோட்டா எடை கிடையாது, பறந்து போற முனை மட்டும்தான். அத கிரெய்ன்ங்கற சின்ன எடை அளவுல சொல்லுவாங்க. நான் ஃபர்ஸ்ட் டைம் இத கிராம்னு படிச்சிட்டு த்ரீ நாட் த்ரீ குண்டுக்கு 174 கிராம்னு போட்டேன், அது ஒரு கிரிக்கெட் பாலையே தாண்டுது, அப்பதான் உறைச்சுது. 0.0648ஆல பெருக்குங்க, 174 கிரெய்ன் = 11.27 கிராம்.

ஸ்டெப் 2: வேகம்
அடியில இருந்தா 0.3048ஆல பெருக்கணும். லீ-என்ஃபீல்டுல போட்ட மார்க் 7 குண்டு செகண்டுக்கு 2440 அடி, அதாவது 744 மீட்டர். இங்கதான் நிறைய பேர் சறுக்குவாங்க. அமெரிக்காவோட எம்2ங்கற ரைஃபிள் குண்டுக்கு ஒரு இடத்துல 2805 அடின்னு இருக்கும், இன்னொரு இடத்துல 2740, ரெண்டுமே கரெக்ட்தான், முதலாவது குழாய் வாய்ல, ரெண்டாவது 78 அடி தள்ளி அளந்தது. குழாய் குட்டையா இருந்தாலும் வேகம் குறையும், அதனால ஒரே மாதிரி அளந்தததான் பக்கத்துல வெச்சு பாக்கணும்.

ஸ்டெப் 3: எனர்ஜி
எடைய கிலோவுக்கு மாத்திட்டு, பாதி × எடை × வேகம் × வேகம். 0.5 × 0.01127 × 744 × 744, சுமார் 3120 ஜூல். இதே மாதிரி போட்டா ரஷ்யாவோட மோசின்-நாகன்ட் (9.6 கிராம், 865 மீட்டர்) 3590 வருது, ஜெர்மன்காரன் மவுசர் (12.8 கிராம், 760 மீட்டர்) 3700 கிட்ட. மோசின் குண்டு எவ்ளோ லேசு பாருங்க, இருந்தும் நம்ம த்ரீ நாட் த்ரீய தாண்டிடுச்சு, ஏன்னா வேகம் ரெண்டு தடவ பெருக்கப்படுது.

1871ல வந்த பிரிட்டிஷ் ரைஃபிள் மார்ட்டினி-ஹென்றியையும் போடுங்க. 31.1 கிராம் குண்டு, வேகம் வெறும் 411 மீட்டர். 2630 ஜூல்தான், கடைசி இடம். ஆனா தோள்ல உதைக்கறதுல இதுதான் ராஜா!

ஸ்டெப் 4: உந்தம்
அந்த உதைக்கு பதில் எனர்ஜில கிடைக்காது, எடை × வேகம் போடணும். த்ரீ நாட் த்ரீ 8.4, மோசின் 8.3, மவுசர் 9.7, மார்ட்டினி 12.8. துப்பாக்கிங்க எல்லாமே சுமார் 4 கிலோதான், அதனால நேரா ஒப்பிடலாம் (மருந்து எரிஞ்சு வர்ற கேஸும் கொஞ்சம் உதைக்கும், அத இங்க விட்டுட்டேன்).

பையனுக்கு அப்பவும் நம்பிக்கை வரல, அதனால சேப்பாக்கத்துல 144 கிலோமீட்டர் ஸ்பீடுல போடற பாலுக்கும் கணக்கு போட்டோம். 160 கிராம், செகண்டுக்கு 40 மீட்டர். உந்தம் 6.4, குண்டுக்கு ரொம்ப தூரத்துல இல்ல. எனர்ஜி? 128 ஜூல், த்ரீ நாட் த்ரீல இருபத்தி நாலுல ஒரு பங்கு. "அப்ப நாலு ஓவர் பாலும் ஒண்ணா வந்து அடிச்ச மாதிரியா மாமா"ன்னான். எனர்ஜில ஆமாடா.