செக்கிங் டேபிள் பக்கத்தில் மூன்று நாள் நில்லுங்கள்

ஆட்கள் வேலை செய்கிற இடத்தைக் கவனித்துப் பார்த்து, அங்கே இருக்கும் சிரமத்துக்கு ஒரு பொருளோ சாஃப்ட்வேரோ வடிவமைத்து, அதை ஓட்டியும் காட்டுகிற வேலை ஒன்று இருக்கிறது. ஆராய்ச்சி, டிசைன், டெக்னாலஜி மூன்றும் கலந்த வேலை. இதற்கு பெங்களூர் போனால்தான் உண்டு என்று நம் கோவை, திருப்பூர் பக்கத்துப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பஞ்சாலை, பவுண்டரி, பனியன் தைக்கும் பவர்டேபிள், சரவணம்பட்டி ஐ.டி. ஆபீஸ், கரூரில் பஸ் பாடி கட்டும் ஷெட் என்று இத்தனையும் இங்கேயே இருக்கும்போது எதற்குங்க அவ்வளவு தூரம்?

முதலில் ஒரே ஒரு இடத்தைப் பிடியுங்கள். முதலாளியிடம் அனுமதி வாங்கினால் மட்டும் போதாது, வேலை செய்கிறவர்களிடமும் கேட்க வேண்டும்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கறை பட்ட பீஸ் தப்பிப் போகிறது, செக்கிங் ஆட்களுக்குக் கவனம் இல்லை என்றார்கள். மூன்று நாள் டேபிள் பக்கத்திலேயே நின்றேன். டியூப்லைட் செக்கிங் பார்க்கும் அக்காவின் முதுகுக்குப் பின்னால் இருந்தது, அவர் குனிந்தால் அவர் நிழலே துணிமேல் விழுந்தது, அதனால் நேவி ப்ளூ பீஸ் வரும்போதெல்லாம் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்ட பிறகுதான் சொன்னார்: "வெளிச்சம் பத்தலைங்க தம்பி." லைட்டை முன்பக்கம் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, மாற்றுவதற்கு முன்னும் மாற்றிய பின்னும் எவ்வளவு வெளிச்சம் என்று லக்ஸ் மீட்டரில் அளந்து எழுதினேன். டிசைன் என்பது அன்றைக்கு அவ்வளவுதான்.

உடம்பு வலி பற்றி என்றால் ரூலா (RULA) என்ற முறையைப் படியுங்கள். 1993-இல் வந்தது, கழுத்து, முதுகு, கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று பார்த்து 1 முதல் 7 வரை மதிப்பெண் போடுவது, 7 வந்தால் உடனே மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அப்புறம் ஈஎஸ்பி32 (ESP32) என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டில் வெப்பம், ஈரப்பதம் அளக்கும் சென்சார் மாட்டப் பழகுங்கள். சென்சாரை அறையிலும் மிஷினிலும் வையுங்கள். ஆள் எத்தனை தடவை எழுந்து போகிறார் என்று எண்ணிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதை ஒரு தடவை செய்துவிட்டால் அப்புறம் யாரும் உங்களிடம் உண்மை பேச மாட்டார்கள்.

முறையாகப் படிக்க ஆசை இருந்தால் ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். என்ற டிசைன் மேற்படிப்பில் சேரலாம். இன்ஜினியரிங்தான் படித்திருக்க வேண்டும் என்றில்லை, தேர்வு எழுத மூன்று வருட டிகிரி போதும்; ஆனால் சேர்வதற்கான தகுதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடித்துக் கொடுத்த இடத்துக்கு மறுபடி போவதை மட்டும் விடாதீர்கள். ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க ஃபர்னிச்சர் கம்பெனிக்காக ராபர்ட் ப்ராப்ஸ்ட் என்ற டிசைனர் 1968-இல் கொண்டுவந்த ஆபீஸ் அமைப்பு, ஆட்கள் தாராளமாக நகர்ந்து வேலை செய்வதற்காக யோசித்தது. வாங்கிய கம்பெனிகள் அதையே சின்னச் சின்னக் கூண்டாக்கிவிட்டன. ஒரு மாதம் கழித்து அந்தத் திருப்பூர் கம்பெனிக்கு நான் போனபோது அக்கா அந்த லைட்டை இன்னும் ஒரு சாண் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். செய்த வேலைகளைத் தொகுத்து வைத்திருக்கும் என் போர்ட்ஃபோலியோவில் கடைசிப் படம் அதுதான்.